46×30×10 நியோடிமியம் காந்தம் 24: பிரிப்பது, தட்டில் பதிப்பது, இரண்டு ரோட்டரையும் நெருக்குவது

#1 கயத்தாறு_காற்று

எல்லாருக்கும் வணக்கம். 2.4 மீட்டர் காற்றாலை இறக்கைக்கு ஆக்சியல் ஃபிளக்ஸ் ஜெனரேட்டர் கட்டப்போகிறேன், அதாவது சுழலும் இரண்டு காந்தத் தட்டுக்கு (ரோட்டர்) நடுவே அசையாத சுருள்தட்டு (ஸ்டேட்டர்) இருக்கும் வகை. 300 மி.மீ. விட்டம், 10 மி.மீ. கனத்தில் இரும்புத் தட்டு இரண்டு. தட்டுக்கு 12 காந்தம். நடுவில் 9 சுருள் வைத்த 13 மி.மீ. ஸ்டேட்டர். காந்தம் என்42 (வலிமைத் தரம்) நியோடிமியம், 46×30×10 மி.மீ., மொத்தம் 24. எல்லாம் ஒரே அடுக்காக, இடையிடையே மெல்லிய பிளாஸ்டிக் தகடு செருகி வந்திருக்கிறது. அடுக்கை இன்னும் தொடவில்லை.

ஒவ்வொன்றாக எப்படிக் கழற்றுவது? தட்டில் எப்படிப் பதிப்பது? பதித்த பிறகு இரண்டு தட்டையும் எப்படி நெருக்குவது? வீட்டில் 4 வயதுப் பையன் இருக்கிறான், பேஸ்மேக்கர் பொருத்திய மாமனாரும் இருக்கிறார். பெட்டியை எங்கே வைக்கலாம் என்பதையும் சொல்லுங்கள்.

#2 லேத்துப்பட்டறை_கோவை

பிரிக்கறதுக்கு முன்னாடியே கேட்டீங்களே, நல்லதுங்க. முதல்ல ஒரு விஷயம்: நேரா இழுத்துப் பிரிக்காதீங்க. இந்த அளவு காந்தம் கனமான இரும்புல ஒட்டிக்கிட்டா நேரா இழுக்க ஏறக்குறைய 30 கிலோ விசை வேணும். பக்கவாட்டுல தள்ள அதுல அஞ்சுல ஒரு பங்கு போதும். அதனால எப்பவும் நழுவ விட்டுத்தான் கழட்டணும்.

கனமான மர மேஜை எடுத்துக்குங்க. இரும்புக் கால், இரும்பு டிராயர் பக்கத்துல இருக்கக்கூடாது. ஓரத்துல ஆணி இருக்கான்னு பார்த்துக்குங்க. மேஜை மேல ரெண்டு மரச்சட்டத்தைப் பித்தளைத் திருகால பிடிச்சு, அடுக்கு ஆடாம உட்கார ஒரு வாய்க்கால் மாதிரி பண்ணிருங்க. அடுக்கைப் படுக்க வெச்சு, 30 மி.மீ. பக்கம் செங்குத்தா நிக்கற மாதிரி திருப்புங்க. கடைசிக் காந்தம் மட்டும் மேஜை ஓரத்துக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கணும், ரெண்டு காந்தமும் சேர்ற கோடு சரியா மேஜை விளிம்புல வரணும். இடது உள்ளங்கையால அடுக்கை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு, வலது உள்ளங்கையால நீட்டிக்கிட்டிருக்கறதைக் கீழ்நோக்கி ஒரே அழுத்தா அழுத்துங்க. 30 மி.மீ. கீழ இறங்கினா கழண்டு கையில வந்துரும். 46 பக்கம் செங்குத்தா வெச்சா அவ்வளவு தூரமும் தள்ளணும், கை பாதியிலயே சோர்ந்துரும்.

கழண்ட உடனே மேஜையை விட்டு நகர்ந்துருங்க. கழட்டினதை அதே மேஜைல ஓரமா வெக்கற பழக்கமே வேண்டாம். கையில ஒண்ணு, மத்ததெல்லாம் மூடின மரப்பெட்டில. அந்த ஒண்ணு தட்டுல உட்கார்ந்த பிறகுதான் அடுத்ததுக்குப் பெட்டியைத் திறக்கணும்.

இன்னொண்ணு. அடுக்குல இருக்கும்போது எல்லாம் ஒரே திசையைப் பார்த்துத்தான் நிக்கும். அதனால ஒவ்வொண்ணையும் கழட்டறதுக்கு முன்னாடி வெளிய தெரியற முகத்துல வெள்ளைப் பெயின்ட் பேனாவால ஒரு புள்ளி வெச்சிருங்க. 24க்கும் ஒரே துருவத்துல புள்ளி வந்துரும். பின்னாடி துருவம் பார்க்கற தலைவலி பாதி தீர்ந்துரும்.

#3 இயற்பியல்_ஆசிரியை

லேத்துப்பட்டறை சொன்ன முறை சரி. ஐந்தில் ஒரு பங்குக் கணக்கில் மட்டும் ஒரு திருத்தம். அகலமான இரும்புத் தகட்டின் மேல் காந்தத்தை நகர்த்தும்போது உராய்வை மட்டும் வென்றால் போதும். காந்தத்தின் மேல் காந்தம் இருந்தால், விலக விலகப் பழைய இடத்துக்கே திரும்ப இழுக்கும் விசையும் சேரும். ஆகவே அடுக்கிலிருந்து கழற்ற 6 கிலோ போதும் என்று எண்ணிப் பாதி அழுத்தத்தில் நிறுத்திவிட்டால் காந்தம் மேலே பாய்ந்து திரும்ப ஒட்டும். விரல் மாட்டுவது அந்த நொடியில்தான்.

தூரத்தையும் எண்ணில் பார்த்துவிடுங்கள். ஒரு காந்தத்தின் எடை 104 கிராம். இரண்டின் துருவ முகங்களும் எதிரெதிரே பார்க்க 10 செ.மீ. இடைவெளியில் வைத்தால் ஈர்ப்பு ஏறக்குறைய 120 கிராம், அதாவது காந்தத்தின் எடையைவிடச் சற்று அதிகம். கைக்கு அது தெரியவே தெரியாது. தூரம் பாதியானால் விசை 16 மடங்கு ஆகும்: 5 செ.மீ.-இல் 2 கிலோ. அதற்கும் கீழே 30 கிலோவை நோக்கி ஓடும். மனிதக் கை ஒன்றை உணர்ந்து எதிர்வினை காட்ட 0.2 நொடி ஆகும். கடைசி 4 செ.மீ.-ஐ இந்தக் காந்தங்கள் அதற்குள் கடந்துவிடும்.

வழுவழுப்பான மேஜையில் இரண்டையும் முகம் பார்க்க வைத்தால் 14, 15 செ.மீ. தள்ளியிருக்கும்போதே தானாக நகர ஆரம்பிக்கும். ‘ஓரமாக வைத்தேன், எப்படி ஒட்டியது’ என்று பலர் கேட்பதற்குப் பதில் இந்தக் கணக்குதான். அரை மீட்டருக்குக் குறைவான தூரத்தில் இரண்டு காந்தம் கட்டற்று இருக்கவே கூடாது.

#4 புதியவன்_எலக்ட்

தடித்த தோல் கையுறை போட்டுக்கொண்டால் போதாதா? ஒட்டிக்கொண்டதை ஸ்க்ரூடிரைவர் நுழைத்து நெம்பலாம் அல்லவா?

#5 லேத்துப்பட்டறை_கோவை

தம்பி, ஸ்க்ரூடிரைவர் வேண்டவே வேண்டாம். இரும்பு முனை கிட்டப் போனதும் காந்தமே அதை இழுத்துரும், குத்தறது எந்தப் பக்கம்னு நம்ம கையில இருக்காது. நெம்பினா ஓரம் உடைஞ்சுரும். இது பார்க்க உலோகம் மாதிரி இருந்தாலும் பொடியை அழுத்திச் சுட்டது. பீங்கான் மாதிரி உடையும். ரெண்டு காந்தம் வேகமா மோதினாலும் ஓரத்துல இருந்து சில்லு பறக்கும், சில்லு கண்ணாடித்துண்டு மாதிரி கூரா இருக்கும். அதனால கண்ணாடிதான் முதல்ல. பக்கமும் மூடின பாலிகார்பனேட் கண்ணாடி. கையுறை அதுக்கப்புறம்.

கையுறை தோலைக் கீறலிலிருந்து காப்பாத்தும், ரத்தக்கட்டைக் கொஞ்சம் குறைக்கும். நசுங்கறதைத் தடுக்காது. விரலுக்குப் பெரிசா தொளதொளன்னு இருந்தா நுனி காந்தத்துக்கு நடுவுல மாட்டும். கைக்குப் பொருந்தற மெல்லிய தோலுறை நல்லது.

நெம்பணும்னா மர ஆப்பு வெச்சுக்குங்க. வேலமரம், தேக்கு எதுனாலும் சரி. பக்கவாட்டுல பாதி நழுவ விட்டு, தெரியற இடத்துல 10 மி.மீ. பிளைவுட் துண்டைச் செருகிட்டா திரும்ப மூடாது. மேஜை மேல ஆலன் கீ, இரும்புக் கத்தரி, கட்டர் பிளேடு ஒண்ணும் கிடக்கக்கூடாது. இரும்பு வாட்ச், சட்டைப்பையில இருக்கற ஏடிஎம் கார்டு, செல்போன் எல்லாம் அடுத்த அறைக்குப் போயிரணும்.

பட்டறைக்காரங்களுக்கு ஒரு வார்த்தை: தரையில லேத்துச் சீவல், கிரைண்டர் தூள் கிடக்கற இடத்துல காந்தத்தைப் பிரிக்காதீங்க. மயிர் முளைச்ச மாதிரி அப்பிக்கும், துணியால துடைச்சா போகாது. ஒட்டுடேப்பை அழுத்தி அழுத்தி எடுக்கறதுதான் வழி. முன்னாடியே பாலிதீன்ல சுத்திட்டா உறையை உரிச்சாப் போதும், தூளும் கூடவே போயிரும்.

#6 கம்பிச்சுருள்

தட்டில் பதிப்பதைச் சொல்கிறேன். ஒட்டுவதற்கு முன்பே தட்டுக்குப் பெயின்ட் அடித்து முடித்துவிடுங்கள், காந்தம் உட்காரும் இடத்தை மட்டும் வெறும் இரும்பாக விட்டுவிடுங்கள். பவுடர் கோட்டிங் என்றால் கண்டிப்பாக முன்னதாக. அந்த அடுப்பு 180 முதல் 200 டிகிரி வரை போகும். என்42 என்று மட்டும் எழுதியிருந்தால் அது 80 டிகிரி வரைதான் தாங்கும். பின்னால் எம் இருந்தால் 100, எச் 120, எஸ்எச் 150. காந்தம் பதித்த தட்டில் வெல்டிங்கும் கூடாது.

12 காந்தம் என்றால் 30 டிகிரிக்கு ஒன்று. காந்தத்தின் 46 மி.மீ. நீளம் ஆரத்தின் திசையில் இருக்கும். வெளிவிளிம்போடு ஒட்டி நின்றால் உள்முனை 104 மி.மீ. ஆரத்தில் வரும், நடுப்பகுதி 127-இல் வரும். 9 மி.மீ. பிளைவுட்டில் 300 மி.மீ. வட்டம் வெட்டி, விளிம்பிலிருந்து உள்நோக்கி 30.5 மி.மீ. அகலத்தில் 12 வாய் வெட்டுங்கள், ஒவ்வொன்றின் அடியும் 104 ஆரத்தில் நிற்கட்டும். பார்க்கப் பல்சக்கரம் போல இருக்கும். தட்டின் நடுவில் ஹப்போடு (சுழலும் அச்சுக்குடம்) மாட்டும் ஓட்டைகளிலேயே போல்ட் போட்டுத் தட்டோடு இறுக்கிவிடுங்கள். அடுத்தடுத்து மாறிமாறித் துருவம் வைப்பதால் பக்கத்துக் காந்தங்கள் ஒன்றையொன்று இழுக்கும். இந்த மரப்பல் இல்லையென்றால் 7, 8 காந்தம் வைத்த பிறகு ஒன்று நழுவிப் பக்கத்திலிருப்பதோடு போய் மோதும்.

காந்தத்தை மேலிருந்து இறக்காதீர்கள். தட்டின் விளிம்பை ஒட்டி ஒரு மரக்கட்டை, தட்டின் மேற்பரப்பைவிட 2 மி.மீ. உயரமாக இருக்கட்டும். கட்டை நீளமாக இருந்தால் காந்தத்தைத் தள்ளி வைத்துவிட்டு விரலை எடுத்துவிடலாம். பிறகு ஒரு முழ நீள மரக்குச்சியால் தள்ளுங்கள். விளிம்பு நெருங்கியதும் தட்டே அதை உள்ளே இழுத்துக்கொள்ளும், டக்கென்று உட்காரும். வாயின் அடிவரை குச்சியாலேயே தள்ளிச் சேருங்கள். சுத்தியலால் தட்டக்கூடாது.

ஒன்று புள்ளி மேலே, அடுத்தது புள்ளி கீழே. ஆறு காந்தம் ஆனதும் ஒருமுறை, பன்னிரண்டு ஆனதும் ஒருமுறை சரிபாருங்கள். ஐஸ் குச்சி முனையில் 8 மி.மீ. வில்லைக் காந்தம் ஒன்றை ஒட்டிக்கொண்டு மேலே காட்டிக்கொண்டே போனால் இழுப்பு, தள்ளல், இழுப்பு, தள்ளல் என்று வர வேண்டும். இன்னொரு பெரிய காந்தத்தைக் கையில் பிடித்துச் சோதிப்பதைச் சில காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். தயவுசெய்து செய்யாதீர்கள்.

தப்பாகப் பதித்ததைத் திருப்ப வேண்டுமானால், தட்டைப் பட்டறை மேஜையோடு கிளாம்ப் போட்டு, மரக்குச்சியால் ஆரத்தின் திசையிலேயே வெளியே தள்ளுங்கள். ஆகவே பசை போடுவதற்கு முன் சோதனை முடிந்திருக்க வேண்டும்.

#7 கயத்தாறு_காற்று

நன்றி. பசை எது? காந்தமே 30 கிலோ பிடிக்கிறது என்றால் பசை எதற்கு என்ற கேள்வியும் இருக்கிறது.

#8 பிசின்வேலை

பசை எதற்கு என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 30 கிலோ என்பது நேர்த்திசைப் பிடிப்பு. சுழலும்போது காந்தத்தை வெளியே தள்ளும் விசை பக்கவாட்டில் வருகிறது, அதைத் தடுப்பது உராய்வு மட்டும், ஏறக்குறைய 6 கிலோ. நிமிடத்துக்கு 300 சுற்றில் 104 கிராம் காந்தத்தின் மேல் மையவிலக்கு விசை 1.3 கிலோதான். 600 சுற்றில் 5.3 கிலோ, எல்லைக்கு வந்துவிட்டது. சுமை கழன்று இறக்கை கட்டற்று ஓடி 1000 சுற்றைத் தொட்டால் 15 கிலோ. அப்போது பறக்கும் காந்தம் ஸ்டேட்டரைக் கிழித்துக்கொண்டுதான் வெளியே போகும்.

முறை இது. தட்டையும் காந்தத்தின் அடிப்பக்கத்தையும் அசிட்டோனால் துடையுங்கள். காந்தத்தின் மேல் இருப்பது நிக்கல், செம்பு, நிக்கல் என்று மூன்று படலம், எல்லாம் சேர்ந்தும் 10 முதல் 20 மைக்ரான்தான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் படலம் போய் உள்ளே துரு ஏறும், ஆகவே தேய்க்காதீர்கள். நழுவவிட்டுப் பதிப்பதால் முன்கூட்டியே பூசும் எபாக்சி வழிக்கப்பட்டுவிடும். காந்தம் உட்கார்ந்த பிறகு ஓரங்களில் மெல்லிய சயனோ பசை சொட்டுவிடுங்கள், ஃபெவிக்விக் போன்றது, அதுவே இடுக்கில் ஊறிப் போகும். அது இடத்தைப் பிடித்து வைக்க மட்டும். உண்மையான பிடி பிசின் வார்ப்பில்தான்.

வெளிவிளிம்பைச் சுற்றி ஸ்டெயின்லெஸ் பட்டை ஒன்று, காந்தங்களின் வெளிமுனைகளை அணைத்து. அதன் உள்ளே வினைல் எஸ்டர் அல்லது பாலியெஸ்டர் பிசின், மேலே ஒரு சுற்று கண்ணாடி இழைப் பாய். பிசின் இறுகும்போது சூடாகும், கனமாக ஒரே ஊற்றாக ஊற்றினால் 80 டிகிரியைத் தாண்டிவிடும். அப்படிச் சூடு வாங்கிய காந்தம் பார்க்க நன்றாகவே இருக்கும், ஆனால் வலு திரும்ப வராது. பாலியெஸ்டருக்குக் கடினமாக்கியை 2 விழுக்காட்டுக்குப் பதில் 1 ஆகக் குறையுங்கள், டால்க் பொடி கலந்து சூட்டைத் தாங்க விடுங்கள், இரண்டு ஊற்றாக ஊற்றுங்கள். மத்தியான வெயிலில் வேண்டாம்.

துளை போடலாமா என்று யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: நியோடிமியத்தில் துளை போடுவதோ அறுப்பதோ கிடையாது. உடையும், சூட்டில் காந்தம் இறங்கும், அதைவிட மோசம், அந்தத் தூள் காற்றிலேயே தீப்பற்றும். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது, உலர்ந்த மணலால் மூட வேண்டும். திருகு ஓட்டை தேவையென்றால் ஓட்டையோடு செய்த காந்தத்தை வாங்குங்கள்.

#9 வல்வை_மின்

பிசின்வேலை அண்ணை சொன்னதோட ஒண்டு சேர்க்கிறன். கடற்கரைப் பக்கம் கோபுரம் எண்டால் நிக்கல் பூச்சை மட்டும் நம்பாதேங்கோ. பூச்சில ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் உப்புக்காத்து உள்ள போகும். உள்ள துரு பிடிச்சால் காந்தம் ஊதும், பூச்சு தோல் மாதிரிக் கழண்டு, சாம்பல் நிறத் தூளாய்க் கொட்டும். ஊதின காந்தம் பிசினை வெடிக்க வைக்கும், வெடிப்பால இன்னும் உப்பு. பிறகு அது ஸ்டேட்டரில உரசத் தொடங்கும்.

எபாக்சி பூசின காந்தம் கிடைச்சால் அதை எடுங்கோ. இல்லாட்டி வார்ப்பு காந்தத்தின்ர மேல் முகத்தையும் மூடவேணும், குறைஞ்சது ஒரு கண்ணாடி இழைத் திசுவும் பிசினும். பதிக்கேக்கை மூலை உடைஞ்ச காந்தம் எண்டால், சில்லுச் சின்னனாய் இருந்தாலும், உடைஞ்ச வாயில எபாக்சி தடவாமல் விடாதேங்கோ.

#10 கம்பிச்சுருள்

வல்வை சொன்னது நாகப்பட்டினம், ராமேசுவரம் பக்கத்துக்கும் அப்படியே பொருந்தும். கயத்தாறு உள்நாடு, அவ்வளவு உப்பு இல்லை. ஆனாலும் மேல்முகத்தை மூடிவிடுங்கள்.

#11 கயத்தாறு_காற்று

சரி. இப்போது எனக்கு மிகப் பயம் தருவது இரண்டு தட்டையும் நெருக்குவதுதான். நான்கு பேர் பிடித்து மெல்ல இறக்கலாமா?

#12 இயற்பியல்_ஆசிரியை

நான்கு பேர் அல்ல, பத்துப் பேர் பிடித்தாலும் வேண்டாம். கணக்கைப் பாருங்கள். ஸ்டேட்டர் 13 மி.மீ., இருபுறமும் 1 மி.மீ. இடைவெளி என்றால் காந்த முகங்களுக்கு நடுவே 15 மி.மீ. அங்கே புலம் 0.6 டெஸ்லா என்று வையுங்கள். ஒரு ஜோடிக் காந்தத்தின் பரப்பு 46×30. விசை 198 நியூட்டன், அதாவது 20 கிலோ. 12 ஜோடிக்கு 240 கிலோ. இது எல்லாம் ஒழுங்காகப் பொருந்தி நிற்கும் நிலையில்.

ஸ்டேட்டர் இல்லாமல் முகங்கள் தொட்டுவிட்டால் புலம் 1.2 டெஸ்லா வரை போகும். புலம் இரட்டிப்பானால் விசை நான்கு மடங்கு: ஜோடிக்கு 80 கிலோ, மொத்தம் ஒரு டன்னை நெருங்கும். ஸ்டேட்டர் வைக்காமல் ‘சும்மா பொருத்திப் பார்ப்பது’ என்ற வேலையே கூடாது.

#13 லேத்துப்பட்டறை_கோவை

டீச்சர் சொன்ன எண்ணைப் பார்த்தீங்கல்ல. அதனால மூணு மரைக்கம்பில தட்டைத் தாங்கி, திருகித் திருகித்தான் இறக்கணும். மேல் தட்டுல 120 டிகிரிக்கு ஒண்ணா மூணு ஓட்டை 10.2 மி.மீ. டிரில் போட்டு எம்12 டேப் அடிச்சிருங்க (உள்ள 12 மி.மீ. மரை வெட்டறது). இதைக் காந்தம் பதிக்கறதுக்கு முன்னாடியே முடிச்சிரணும், இல்லேன்னா சீவல் எல்லாம் காந்தத்துல. ஓட்டை ஹப் போல்ட்டுகளுக்கு வெளிய, ஸ்டேட்டர் நடு ஓட்டைக்கு உள்ள வரணும். கம்பி நுனி கீழ்த் தட்டோட வெறும் இரும்புல ஊனணும், பிசின் மேல ஊனக்கூடாது. ஊனினா பொரிஞ்சு போகும்.

200 மி.மீ. நீள முழு மரை கம்பி மூணு. ஸ்டெயின்லெஸ்ல 316 நல்லது, 304ல மரை உருட்டினா கொஞ்சம் காந்தம் பிடிக்கும். நுனியைச் சமமாத் தேய்ச்சு, மரைல கிரீஸ் தடவிக்குங்க.

மூணையும் மேல் தட்டுல கீழ்ப்பக்கம் 150 மி.மீ. நீட்டற வரைக்கும் முறுக்கி வெச்சுட்டு, கீழ் ரோட்டரும் ஸ்டேட்டரும் இறுக்கின பிறகு, மேல் தட்டை ஹப்ல நிக்கற மரைத்தண்டுகள்ல (ஸ்டட்) நுழைச்சு இறக்குங்க. 150 மி.மீ.ல இழுப்பு கைக்குத் தாங்கும். மூணு கம்பியும் ஊனினதும் கையை எடுத்துருங்க. இனி தட்டுக்கு அடியில யாரோட விரலும் போகவே கூடாது.

எம்12 மரை ஒரு சுத்துக்கு 1.75 மி.மீ. இறங்கும். ஒரு கம்பிக்கு அரைச் சுத்து, அடுத்ததுக்கு அரைச் சுத்து, மூணாவதுக்கு அரைச் சுத்துன்னு முறை வெச்சுத் தளர்த்திக்கிட்டே வாங்க. ஒரு கம்பியை மட்டும் மூணு நாலு சுத்து தளர்த்தினா தட்டு சாஞ்சு, ஓரம் ஸ்டேட்டர்ல இடிச்சுச் சுருள் நசுங்கும். நசுங்கின சுருள்ல எனாமல் போயிருந்தா வெளிய தெரியாது, சுமை ஏத்தினப்பதான் கருகும். 40 மி.மீ.க்குக் கீழ வந்ததும் ஸ்பானர் கனக்கும், அங்க கால் சுத்துக்கு மாறிக்குங்க. கடைசில ஸ்டட்டுல இருக்கற இடைநட்டுகள் மேல தட்டு உட்காரணும். அந்த நட்டு உயரம்தான் உங்க 15 மி.மீ.யைத் தீர்மானிக்குது, முன்னாடியே நாலையும் ஒரே உயரத்துக்கு அளந்து வெச்சிருங்க.

#14 கம்பிச்சுருள்

ஒன்று விட்டுப்போனது. எதிரெதிர் முகங்களில் வடக்குக்கு நேராகத் தெற்கு வர வேண்டும். முதல் தட்டில் ஒரு காந்தத்தை 1 என்று குறித்து அதற்கு நேரே விளிம்பில் வெட்டுக்குறி போடுங்கள். இரண்டாவது தட்டில் அதே இடத்தில் எதிர்த்துருவம். ஸ்டட் ஓட்டைகள் நான்கு, காந்தம் 12 என்பதால் ஓட்டை ஒன்று மாறினால் 90 டிகிரி தள்ளும், அதாவது மூன்று காந்தம். மூன்று ஒற்றைப்படை, ஆகவே துருவம் மாறிவிடும். வெட்டுக்குறி இல்லாமல் ஊகத்தில் போட்டால் பாதிக்குப் பாதி தப்பாகும். தப்பாகப் போட்டால் தட்டு இறங்க மறுத்து மேலே தள்ளும், கம்பியில் சுமையே இருக்காது. உடனே நிறுத்துங்கள், நட்டைப் போட்டு வலுக்கட்டாயமாக இறுக்காதீர்கள். தப்பாகவே இறுக்கினால் சுருளைக் குறுக்கே கடக்கும் புலம் ஏறக்குறைய இல்லாமல் போய் மின்சாரமும் வராது.

#15 சிறார்நலம்

குழந்தை பற்றிய கேள்விக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை. 46 மி.மீ. காந்தத்தை 4 வயதுக் குழந்தை விழுங்காது. கையை நசுக்கிக்கொள்ளும். விழுங்கக்கூடியவை இரண்டு: உடைந்து சிதறும் சில்லு, கம்பிச்சுருள் சொன்ன 8 மி.மீ. சோதனைக் காந்தம் போன்றவை. கடைகளில் விற்கும் 3, 5 மி.மீ. காந்த உருண்டைகளும் இதே வகைதான்.

ஒரே காந்தம் தனியாக விழுங்கப்பட்டால் பெரும்பாலும் மலத்தோடு போய்விடும். இரண்டு, அல்லது ஒரு காந்தமும் ஒரு இரும்புத் துண்டும் வெவ்வேறு நேரத்தில் உள்ளே போனால் ஆபத்து. ஒன்று குடலின் ஒரு மடிப்பில், மற்றது அடுத்த மடிப்பில் இருந்துகொண்டு குடல்சுவரை நடுவில் வைத்து அழுத்தும். அந்த இடத்துக்கு ரத்தம் போகாமல் திசு செத்து, ஓட்டை விழும். முதலில் தெரிவது வாந்தி, வயிற்றுவலி மட்டும்தான், சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று தோன்றும்.

சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்குப் போங்கள், அறிகுறிக்குக் காத்திருக்க வேண்டாம். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், சாப்பிடவும் குடிக்கவும் கொடுக்காதீர்கள். ‘காந்தம் விழுங்கியிருக்கலாம்’ என்று அந்தச் சொல்லையே சொல்லுங்கள், வெறும் ‘உலோகம்’ என்று சொல்லாதீர்கள். எக்ஸ்ரே இரண்டு கோணத்தில் வேண்டும், ஒட்டிய இரண்டு காந்தம் ஒரே கோணத்தில் ஒன்றாகத் தெரியும். எம்.ஆர்.ஐ. கூடவே கூடாது. இரைப்பையில் இருக்கும்போதே எண்டோஸ்கோப்பியால் எடுத்துவிட்டால் அறுவை இல்லாமல் முடியும், அதனால்தான் மணிக்கணக்கு முக்கியம். மூக்கின் இரு துளையிலும் ஒவ்வொன்று போட்டுக்கொண்டாலும் நடுச்சுவர் இதேபோல ஓட்டையாகும்.

அமெரிக்காவில் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் இத்தகைய காந்தத் தொகுப்புகளுக்கு 2014-இல் விதி கொண்டுவந்தது, 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நீக்கியது, 2022-இல் புதிய விதி வந்தது. விழுங்கும் அளவில் தனியாகக் கழலும் காந்தமானால் அதன் ஃபிளக்ஸ் குறியீடு (காந்த வலிமையைக் காட்டும் அளவு) 50-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

உங்கள் வேலைக்கு: சோதனைக் குச்சியை எண்ணி எடுத்து எண்ணி வையுங்கள். ஒரு மூலை உடைந்தால் அந்தச் சில்லு கிடைக்கும்வரை வேலையை நிறுத்துங்கள். பாலிதீன் உறையில் போட்ட காந்தம் ஒன்றைத் தரையில் ஓட்டினால் சில்லு வந்து ஒட்டும்.

#16 இயற்பியல்_ஆசிரியை

மாமனாருக்கு. இதயக் கருவிகளில் 10 காஸ், அதாவது 1 மில்லிடெஸ்லா, கவனிக்க வேண்டிய எல்லை. அதற்கு மேல் புலம் பட்டால் பேஸ்மேக்கர் இதயத்தைக் கேட்பதை விட்டுவிட்டு நிலையான வேகத்தில் துடிப்பைக் கொடுக்க ஆரம்பிக்கலாம். அதிர்ச்சி கொடுக்கும் ஐ.சி.டி. வகையாக இருந்தால் அதிர்ச்சி கொடுப்பதையே நிறுத்திவைக்கும். காந்தம் விலகினால் பெரும்பாலும் பழையபடி ஆகும், ஆனால் அந்த இடைவேளையை யாரும் பரிசோதித்துப் பார்க்கத் தேவையில்லை.

உங்கள் காந்தம் ஒன்று 14 செ.மீ. தூரத்தில் 10 காஸ் தரும். 24-ம் ஒரே அடுக்காக இருக்கும்போது அடுக்கின் நடுவிலிருந்து 40 செ.மீ.-க்கு மேலும் 10 காஸ் நீளும். அட்டைப்பெட்டியை மடியில் வைத்துப் பிரிப்பதை நினைத்துப் பாருங்கள், நெஞ்சு அதற்குள் வந்துவிடும். ஆகவே பிரிக்கும் அறைக்கும் ரோட்டர் கட்டும் அறைக்கும் அவர் வரவே வேண்டாம். இன்சுலின் பம்ப், காக்ளியர் கருவி, மூளைநீர் வடிக்கும் வால்வு வைத்திருப்பவர்களுக்கும் இதுவே.

பெட்டி மரத்தில் இருக்கட்டும், அடுக்கைச் சுற்றி எல்லாப் பக்கமும் 10 செ.மீ. தெர்மோகோல். பூட்டுப் போட்டு, பையன் கைக்கு எட்டாத, மாமனார் படுக்கும் சுவருக்கு மறுபக்கம் அல்லாத இடத்தில். இரும்பு பீரோவுக்குள் வைக்காதீர்கள், கதவில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு.

#17 சரக்குமேசை

பக்கத்துச் செய்தி ஒன்று, ஒருவேளை மிஞ்சும் காந்தத்தைத் திருப்பி அனுப்ப நேர்ந்தால். விமானச் சரக்கில் காந்தத்துக்கு எண் யூஎன் 2807, வகை 9. பொதியிலிருந்து 2.1 மீட்டரில் 0.002 காஸுக்கு மேல் புலம் இருந்தால் அது ஆபத்துச் சரக்கு. 4.6 மீட்டரில் 0.00525 காஸைத் தாண்டினால் பயணிகள் விமானம், சரக்கு விமானம் எதிலும் ஏற்றமாட்டார்கள். பூமியின் புலமே நம் ஊரில் 0.4 காஸ், அதில் 200-இல் ஒரு பங்கைக் கேட்கிறார்கள். விமானத்தின் திசைகாட்டிக்காக.

ஆசிரியையின் முறையில் கணக்குப் போட்டால் உங்கள் ஒற்றைக் காந்தமே 2.1 மீட்டரில் 0.003 காஸ் தரும். 24 ஒரே திசை அடுக்கு 4.6 மீட்டரில் 0.007. ‘விளையாட்டுப் பொருள்’ என்று எழுதிக் கூரியரில் கொடுப்பது சட்டப்படி தப்பு, ஆபத்தும்கூட. இரண்டு அடுக்காகப் பிரித்து எதிர்த்திசையில் பக்கம் பக்கமாக வைத்தால் வெளிப்புலம் பெரும்பாலும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், சுற்றி இரும்புத்தகடு பொதிந்தால் மீதியும் அடங்கும். அதன் பிறகு காஸ்மீட்டர் வைத்து அளந்து சான்று தருவார்கள். தரைவழி லாரி பார்சல் என்றால் இந்தத் தலைவலி குறைவு.

#18 கயத்தாறு_காற்று

எல்லாருக்கும் மிக்க நன்றி. நான் புரிந்துகொண்ட வரிசை: தட்டில் டிரில், டேப், பெயின்ட், அறையைக் காலி செய்தல், புள்ளி வைத்து ஒன்று கழற்றி ஒன்று பதித்தல், சோதனை, சயனோ, பட்டை, இரண்டு ஊற்று, பிறகு மூன்று கம்பியில் இறக்குதல். தப்பிருந்தால் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. ஸ்டேட்டர் என்றாவது கருகினால் கோபுரத்திலிருந்து இறக்கித் திரும்பப் பிரிக்க அதே கம்பிகள் போதுமா?

#19 லேத்துப்பட்டறை_கோவை

வரிசை சரிங்க. பெயின்ட் அடிக்கறப்ப டேப் அடிச்ச மூணு ஓட்டையிலயும் கிரீஸ் வெச்சு நைலான் போல்ட் போட்டு அடைச்சிருங்க, பிசினும் பெயின்ட்டும் மரைல இறங்காது. தட்டை இறக்கிக் கம்பியைக் கழட்டின பிறகு நைலான் போல்ட்டைத் திரும்பப் போட்டு நிரந்தரமா விட்டுருங்க, மழைத்தண்ணியும் போகாது.

பிரிக்கறப்ப அதே மூணு கம்பிதான், வேலை மட்டும் தலைகீழ். முதல்ல கம்பியை முறுக்கி, கீழ்த் தட்டுல ஊனி, லேசா சுமை ஏறின பிறகுதான் ஸ்டட்டுல இருக்கற வெளிநட்டைக் கழட்டணும். பிறகு அரைச் சுத்து, அரைச் சுத்தா முறுக்கிக்கிட்டே வந்தா தட்டு மேல எழும்பும். 150 மி.மீ. வர்ற வரைக்கும் கையால தூக்கற எண்ணம் வேண்டாம். தூக்கின தட்டைக் காந்தப்பக்கம் மேல பார்க்கத் தனி அறையில மரப்பலகை மேல வெச்சு, மேல 20 மி.மீ. பிளைவுட் போட்டு மூடிருங்க. அந்த மூணு கம்பியையும் ஒரு பையில கட்டி, கோபுரத்தடி பேட்டரிப் பெட்டிலயே ‘ரோட்டர் கம்பி’ன்னு எழுதி வெச்சிருங்க. அஞ்சு வருஷம் கழிச்சு வேற யாராவது வந்து பிரிச்சாலும் ஆப்பும் கடப்பாரையும் தேடாம இருப்பாங்க.